கோப்பின் சுமை

அவையில் ஒரு செய்தியைச் சொல்லால் மட்டும் விளக்குவதைவிட, அதற்குரிய படத்தையும் அட்டவணையையும் உடன்காட்டி விளக்கினால், அது கேட்போர் மனத்தில் நன்கு பதியும். இதனை மக்கள் நெடுங்காலமாகவே அறிந்திருந்தனர். ஆசிரியர் கரும்பலகையை நாடினார். நில அளவையாளர் சுவரில் வரைபடத்தை மாட்டினார். இருபதாம் நூற்றாண்டில், ஒளி ஊடுருவும் தாள்களில் எழுதி, அவற்றை விளக்கொளியால் திரையில் வீழ்த்திக் காட்டும் முறை அலுவலகங்களிற் பரவிற்று. 35 மில்லிமீட்டர் படச்சுருளிலிருந்து வெட்டிச் சட்டமிட்ட சிறு படவில்லைகளைக் காட்டுவதும் உண்டு. இவற்றை ஆக்குவதற்குப் பொருளும் நாளும் மிகுதியாகச் செலவாயின. ஓர் எண் பிழைபட்டாலும் அத்தாளை மீண்டும் முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தது.

இந்நிலையை மாற்றியவர்களுள் ராபர்ட் காஸ்கின்ஸ், டென்னிஸ் ஆஸ்டின் என்னும் இருவர் குறிப்பிடத்தக்கவர். அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாவில் ஃபோர்தாட் என்னும் சிறு நிறுவனத்தில் இருந்துகொண்டு, இவர்கள் பவர்பாயிண்ட் என்னும் மென்பொருளை உருவாக்கினர். 1987ஆம் ஆண்டில் அது மக்கின்டாஷ் கணினிக்காக வெளிவந்தது. அவ்வாண்டிலேயே மைக்ரோசாப்ட் நிறுவனம் 1 கோடியே 40 இலட்சம் டாலர் கொடுத்து அந்நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. 1990இல் விண்டோஸ் கணினிகளுக்குரிய பதிப்பும் வந்தது. முதற்பதிப்பு கறுப்பு வெள்ளையில் தாள்களை அச்சிடுவதற்கே பயன்பட்டது. பின்னர் வண்ணமும் ஒளிப்படமும் ஒலியும் அசையும் படமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. தாளும் வில்லையும் மறைந்தும், ஒவ்வொரு பக்கத்தையும் படவில்லை என்று அழைக்கும் வழக்கு மட்டும் நிலைத்துவிட்டது.

பழைய ஒளித்தாளுக்கு ஒரு சிறப்பு இருந்தது. விளக்கும் வெண்திரையும் உள்ள எவ்விடத்திலும் அதனைக் காட்டலாம். கணினிக் கோப்போ அத்தகையதன்று. அதனைச் சுமந்து செல்வதற்கு வழி வேண்டும். சென்ற இடத்தில் அதனைப் படிக்கத் தெரிந்த மென்பொருளும் வேண்டும். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும், பல நாள் உழைத்து ஆக்கிய விளக்கக்காட்சி அவையேறாமல் நின்றுவிடும்.

இதனைத் தெளிவாக அறிதற்பொருட்டு, 2009ஆம் ஆண்டளவில் தமிழ்நாட்டில் ஏரிகளின் பராமரிப்பைக் கவனித்துவந்த ஓர் அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். அக்டோபர்த் திங்கள், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலம். எந்தெந்த ஏரியின் கரை மெலிந்துள்ளது, எந்த மதகு பழுதுற்றுள்ளது என்பதை மாவட்டக் கூட்டத்தில் எடுத்துரைக்க வேண்டும். மணல் மூட்டைகளையும் ஆட்களையும் எங்கே நிறுத்துவது என்னும் முடிவு அக்கூட்டத்திலேதான் எடுக்கப்படும். இளம் பொறியாளர் ஒருவர் ஊர் ஊராகச் சென்று, தம் ஒளிப்படக் கருவியால் 30 படங்களை எடுத்துவந்தார். ஊர்களையும் ஏரிகளையும் காட்டும் பெரிய வரைபடம் ஒன்றையும் வருடிக் கணினியில் ஏற்றினார். செலவுக் கணக்கை எக்செல் ஏட்டிலிருந்து எடுத்து ஒட்டினார். பவர்பாயிண்ட் 2003 பதிப்பைக் கொண்டு 40 படவில்லைகள் அடங்கிய கோப்பு உருவாயிற்று. அதன் அளவு 130 மெகாபைட்.

அதனை மின்னஞ்சலில் அனுப்ப முயன்றார். அஞ்சல் ஏற்க மறுத்தது. அலுவலகத்து மூத்த எழுத்தர் ஒருவர், சொற்கள் மிகுதியாக உள்ளன என்று கருதிப் பத்துப் படவில்லைகளின் உரையை நீக்கச் சொன்னார். நீக்கியும் பயன் இல்லை. பின்னர் அக்கோப்பு ஒரு பென் டிரைவில் தலைமை அலுவலகத்துக்குச் சென்றது. அங்கே 2007ஆம் ஆண்டின் புதிய பதிப்பு இருந்தது. அங்கிருந்தவர் எல்லாப் படங்களையும் ஒரே கட்டளையால் மிகச் சிறியனவாகச் சுருக்கி, நிர்வாக அமைப்பை விளக்கும் அழகிய வரைபடம் ஒன்றையும் சேர்த்து, புதிய வடிவிற் சேமித்து அனுப்பினார். கோப்பு இப்பொழுது 5 மெகாபைட்டுக்குள் அடங்கிற்று. ஆனால், கூட்டம் நடைபெறும் மண்டபத்திலிருந்த பழைய கணினி அதனைத் திறக்கவில்லை. வேறொரு கணினியைத் தேடிக் கொணர்ந்து திறந்தபொழுது, வரைபடத்தில் ஊர்ப் பெயர்கள் படிக்க இயலாதவாறு கலங்கியிருந்தன. சில படவில்லைகளில் தமிழ் எழுத்துகளுக்கு மாறாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும் தோன்றின.

இங்கே யாரும் சோம்பியிருந்ததாகக் கூற இயலாது. எல்லாரும் முயன்றனர்; ஆயினும் சுமை எங்கே உள்ளது என்பதை ஒருவரும் ஆராயவில்லை.

சொற்களுக்கும் படங்களுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் ஒரு கணக்கால் அறியலாம். 40 படவில்லைகளில் ஒவ்வொன்றுக்கும் 100 சொற்கள் வீதம் 4,000 சொற்கள் உள்ளன என்று கொள்க. ஒரு சொல்லுக்கு எட்டுக் குறியீடுகள். ஒருங்குறி முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்குப் பொதுவாக 3 பைட். இவற்றைப் பெருக்கினால் 96,000 பைட் வரும். பொறியாளர் எடுத்த ஒளிப்படம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 மெகாபைட், அதாவது 40 இலட்சம் பைட். எனவே, ஒரே ஒரு படம் விளக்கக்காட்சியின் உரை முழுவதையும் போல 40 மடங்கு கனமுடையது. அத்தகைய படங்கள் முப்பது! உரையைக் குறைத்தது, யானையின் சுமையைக் குறைப்பதற்கு அதன் கழுத்து மணியைக் கழற்றியது போலாயிற்று. எழுத்துகள் பறந்து வருதல், சுழன்று நிற்றல் முதலிய அசைவுகளும் அளவை மிகுதியாகக் கூட்டுவன அல்ல. அவை பொறுமையைச் சோதிக்கின்றன என்பது வேறு.

ஒளிப்படம் ஏன் இவ்வளவு கனக்கிறது? படம் என்பது கணினிக்குப் புள்ளிகளின் கூட்டமே. அக்காலத்து ஒளிப்படக் கருவிகள் பல, அகலத்தில் 4,000 புள்ளிகளும் உயரத்தில் 3,000 புள்ளிகளுமாக, மொத்தம் 1 கோடியே 20 இலட்சம் புள்ளிகளைப் பதிவு செய்தன. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று நிறங்களின் அளவைக் குறிக்க 3 பைட் வேண்டும். அப்படியே வைத்தால் ஒரு படத்துக்கு 3 கோடியே 60 இலட்சம் பைட் ஆகும். அது 4 மெகாபைட் அளவிற்குச் சுருங்கியிருப்பதே ஒரு வியப்பு. மண்டபத்திலிருந்த ஒளிவீழ்த்தியோ, அக்காலத்திற் பலவிடத்தும் வழங்கியதைப் போல, 1,024க்கு 768 புள்ளிகளையே திரையிற் காட்ட வல்லது. அதாவது 7,86,432 புள்ளிகள். பதினைந்து குடம் நீரை ஒரு குடத்தில் ஊற்றுவார் உளரோ? எஞ்சிய பதினான்கு குடமும் வழியிற் சுமந்தவர்க்குத் தோள்நோவைத் தந்ததன்றி வேறு பயன் தரவில்லை.

சுருக்குதல் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இருவகை உண்டு. இவ்வேறுபாட்டை அறியாமையே வரைபடம் கெட்டதற்குக் காரணம்.

பழைய நிலப்பத்திரங்களில், ஒருவர் பெயரையும் ஊரையும் ஒருமுறை முழுமையாக எழுதிய பின்னர், மீண்டும் அவரைக் குறிக்க நேரும்போது 'மேற்படியார்' என்று எழுதுவர். அதற்கென ௸ என்னும் ஒரு குறியும் தமிழில் உண்டு. இதனால் பத்திரம் சுருங்குகிறது, பொருள் குறைவதில்லை. வேண்டும்போது மேற்படி என்ற இடத்தில் முழுப் பெயரையும் மீண்டும் வைத்து எழுதிவிடலாம். கணினியிலும் இதே முறை உள்ளது. முன்னே வந்த பகுதி மீண்டும் வந்தால், 'இத்தனை எழுத்துக்கு முன்னர் வந்ததைப் பார்க்க' என்று குறித்துவிட்டு மேலே செல்லும் முறையை 1977ஆம் ஆண்டில் லெம்பல், ஸிவ் என்னும் அறிஞர் இருவர் வகுத்தனர். அடிக்கடி வருவதற்குக் குறுகிய குறியும், அருகி வருவதற்கு நெடிய குறியும் தரும் முறையை ஹஃப்மன் என்பார் 1952இல் வெளியிட்டிருந்தார். இவ்விரண்டையும் இணைத்ததே இன்று ஜிப் கோப்புகளில் பெரிதும் வழங்கும் முறை. படங்களுள் பிஎன்ஜி என்னும் வடிவமும் இவ்வழியைப் பின்பற்றுவது. இதில் இழப்பு இல்லை.

மற்றொன்று, மாணவர் பள்ளியிற் பயிலும் 'சுருக்கி வரைதல்' போன்றது. நீண்ட பத்தியை மூன்றில் ஒரு பங்காக வரைந்த பின்னர், அச்சுருக்கத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மூலப் பத்தியைச் சொல்லுக்குச் சொல் மீட்க இயலுமா? இயலாது. கருத்து நிற்கும், சொற்கள் போய்விடும். 1992இல் தரப்படுத்தப்பெற்ற ஜேபெக் என்னும் முறை இவ்வகையினது. மனிதக் கண் எவற்றை நுட்பமாக நோக்காதோ, அவற்றை அது விட்டுவிடுகிறது. ஏரிக்கரை, வானம், மரம் ஆகியவற்றின் ஒளிப்படங்களுக்கு இம்முறை மிகவும் பொருந்தும். ஆனால், கூரிய கோடுகளும் சிறிய எழுத்துகளும் நிறைந்த வரைபடத்துக்கு அது பொருந்துவதன்று. எழுத்தின் ஓரங்களில் அழுக்குப் படிந்தாற்போல் மங்கல் தோன்றும். புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைத்துப் படத்தைச் சிறிதாக்குவதும் மீட்க இயலாத சுருக்கமே.

தலைமை அலுவலகத்தில் நிகழ்ந்ததைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பவர்பாயிண்ட் 2007 பதிப்பில் படங்களைச் சுருக்குவதற்கு மூன்று அளவுகள் தரப்பட்டிருந்தன. அச்சுக்கு அங்குலத்துக்கு 220 புள்ளி, திரைக்கு 150, மின்னஞ்சலுக்கு 96. அங்கே தேர்ந்தது 96. அக்காலத்துப் படவில்லையின் அகலம் 10 அங்குலம். எனவே அதை நிரப்பி நின்ற வரைபடத்தின் அகலம் 960 புள்ளிகளாகிவிட்டது. மூலமோ ஏ3 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வருடியது. அதன் அகலம் 4,961 புள்ளி. ஒவ்வொரு புறத்திலும் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. தாளில் 3 மில்லிமீட்டர் உயரமுள்ள எழுத்துக்கு மூலத்தில் 35 புள்ளிகள் இருந்தன. இப்பொழுது எஞ்சியவை ஏழு. ஏழு புள்ளிக்குள் ஆங்கிலப் பேரெழுத்து ஒருவாறு நிற்கும். வளைவும் சுழியும் மேற்புள்ளியும் கொண்ட தமிழெழுத்து எவ்வாறு நிற்கும்? முதலில் மறைவது மெய்யெழுத்தின் புள்ளி. அடுத்து மறைவது 'ஏ' என்னும் எழுத்தின் அடியில் உள்ள சிறு இழுப்பு. 'ஏரி' என்பது 'எரி' ஆகிவிடும்.

தமிழ்நாட்டுக்கு இத்துன்பம் புதியதன்று. ஓலைச் சுவடிகளில் எழுதியோர், ஓலை கிழியும் என்று அஞ்சிப் புள்ளியிடாமலே எழுதினர். அக்காலத்தில் எகரக் குறிலுக்குப் புள்ளி உண்டு, நெடிலுக்கு இல்லை. புள்ளியை விட்டுவிட்டால் குறிலும் நெடிலும் ஒன்றுபோலவே தோன்றும். பின்னாளில் வீரமாமுனிவர் செய்த திருத்தத்தால் இக்குழப்பம் நீங்கியது என்பர். சுவடிகளைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் போன்ற பெரியோர், புள்ளியற்ற ஏடுகளைப் பல படிகளோடு ஒப்பிட்டு உண்மைப் பாடத்தைக் கண்டனர். அவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் ஆராய இடமிருந்தது. மழை மேகம் திரண்டுள்ள நாளில், ஒரு மணி நேரக் கூட்டத்தில், எவ்வூர் எது என்று ஆராய்ந்துகொண்டிருக்க எவருக்கு இடமுண்டு?

இனிப் பதிப்புகளின் வேறுபாட்டை நோக்கலாம். 1978ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு தமிழில் 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியமைத்தது. அதன் பின்னர்ப் பயின்ற மாணவர், அதற்கு முன் அச்சான நூலை எடுத்தால், 'லை', 'னை' முதலிய எழுத்துகள் வருமிடத்திற் சற்றே தயங்குவர். மொழி ஒன்றே, எழுத்தின் உருவம் வேறு. மென்பொருட் பதிப்புகளும் இத்தகையனவே. புதிய பதிப்புக்குப் பெரும்பாலும் பழைய எழுத்தையும் கற்பித்தே அனுப்புகின்றனர். பழைய பதிப்பு, தனக்குப் பின் தோன்றிய எழுத்தை எவ்வாறு அறியும்?

பவர்பாயிண்ட் 97 முதல் 2003 வரையிலான பதிப்புகள் பிபிடி என்னும் ஒரே வடிவத்தைப் பயன்படுத்தின. அதற்கு முந்திய 95 பதிப்பின் வடிவம் வேறு. இரு சாராரும் படிக்க வேண்டும் என்று கருதி, இரண்டு வடிவங்களையும் ஒரே கோப்பிற் சேர்த்துச் சேமிக்கும் வசதியையும் அக்காலத்தில் வைத்திருந்தனர். ஒரே நூலைப் பழைய எழுத்திலும் புதிய எழுத்திலும் அச்சிட்டு ஒரே அட்டைக்குள் கட்டியது போன்றது அது. எல்லாரும் படித்தனர், கோப்போ பெருத்தது. எவரையும் விட்டுவிடாமல் இருப்பதற்கு அது கொடுத்த விலை.

2007 பதிப்பில் பிபிடிஎக்ஸ் என்னும் புதிய வடிவம் வந்தது. இதன் அமைப்பு எக்மா என்னும் தரநிலைக் கழகத்தால் 2006 டிசம்பரில் ஏற்கப்பெற்று, 2008இல் ஐஎஸ்ஓ தரநிலையும் ஆயிற்று. பிபிடிஎக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொதியே. அதனுள் ஒவ்வொரு படவில்லையும் எக்ஸ்எம்எல் என்னும் எழுத்துருவில் தனித்தனிப் பகுதியாக உள்ளது. படங்கள் தனியறையில் உள்ளன. ஒரே படம் பத்து இடத்தில் வந்தாலும் அதன் படி ஒன்றே போதும். சில கோப்புகள் பழைய வடிவத்தினும் நூற்றுக்கு 75 பங்கு வரை சிறுத்தன என்று அதனை ஆக்கிய நிறுவனம் கூறிற்று. ஆனால், ஜேபெக் படங்கள் முன்னரே சுருங்கியவை. அவற்றை ஜிப் முறையால் மீண்டும் சுருக்க முயல்வது, குத்தித் தீட்டிய அரிசியை மீண்டும் உரலிலிட்டு உமி தேடுவது போன்றது. படங்கள் நிறைந்த கோப்பை ஜிப் செய்து அனுப்புவோர் இதனை நினைவிற் கொள்ளவில்லை.

ஒரு கோப்பின் சுமை எங்கே உள்ளது என்று காண இப்புது வடிவம் நல்ல வழியையும் தந்தது. கோப்பின் படி ஒன்றை எடுத்து, அதன் பெயரிலுள்ள ஈற்றை ஜிப் என்று மாற்றித் திறந்தால், உள்ளே 'மீடியா' என்னும் உறை காணப்படும். அதிலுள்ள படங்களை அளவின்படி வரிசைப்படுத்தினால், பெருஞ்சுமை எது என்பது உடனே வெளிப்படும். சிற்சில வேளைகளில், எந்தப் படவில்லையிலும் காணப்படாத படம் ஒன்று அங்கே கிடக்கும். பயன்படாத பின்னணி வார்ப்புருவோடு வந்து தங்கிய விருந்தாளி அது.

மறைந்து கிடக்கும் சுமைகள் வேறும் உள. பழைய பதிப்புகளில் 'விரைவுச் சேமிப்பு' என்று ஒன்று இருந்தது. ஒவ்வொரு திருத்தத்தின்போதும் கோப்பு முழுவதையும் மீண்டும் எழுதாமல், மாற்றத்தை மட்டும் இறுதியிற் சேர்க்கும் முறை அது. வரவுசெலவு ஏட்டில் அடித்தும் திருத்தியும் துண்டுத்தாள்களை ஒட்டியும் வந்தால் ஏடு பருத்துவிடுமன்றோ? அதுபோலவே நீக்கிய படமும் உள்ளேயே கிடந்து கோப்பைப் பெருக்கிற்று. வேறு பெயரிட்டுச் சேமித்தால் செப்பமான புதிய படி உருவாகி, அளவு குறைந்தது. 2007 பதிப்பில் இம்முறையை விலக்கிவிட்டனர்.

படத்தின் ஓரத்தை வெட்டினாலும் வெட்டிய பகுதி கோப்பினுள் இருந்துகொண்டே இருக்கும். படங்களைச் சுருக்கும் கட்டளையில் அதனை நீக்குமாறு குறித்தால்தான் நீங்கும். எக்செல் ஏட்டிலிருந்து ஓர் அட்டவணையை உட்பொதிந்தால், அவ்வட்டவணையோடு அவ்வேடு முழுவதுமே உள்ளே புகுந்துவிடும். திரையில் ஐந்து வரியே தோன்றும். ஆனால் அதனை இருமுறை சொடுக்கியவர் கூலிப் பட்டியல் முழுவதையும் காண்பார். இது அளவைப் பற்றிய குறை மட்டுமன்று. பிறர் காணத் தகாததைக் காட்டிவிடும் பெருங்குறை. அட்டவணையைப் படமாகவோ வெறும் அட்டவணையாகவோ ஒட்டியிருந்தால் இரண்டு குறையும் நேர்ந்திரா.

தமிழ் எழுத்துகள் சிதைந்ததன் காரணம் வேறு. 1999ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் எழுத்துக் குறியீட்டு முறைகளை ஏற்றிருந்தது. இவையன்றி வேறு பல முறைகளும் வழங்கின. இவற்றுள் ஆங்கிலத்துக்கும் பிற குறிகளுக்கும் உரிய எண்களிலே தமிழெழுத்தின் உருவத்தை ஏற்றி வைத்திருந்தனர். அவ்வெழுத்துரு இல்லாத கணினிக்குச் சென்றவுடன், உள்ளே இருந்த எண் தன் பழைய உருவத்தைக் காட்டிவிட்டது. எழுத்துருவையும் கோப்பினுள் பதித்து அனுப்பலாம். அதன் உரிமையாளர் அதற்கு இசைந்திருக்க வேண்டும். கோப்பின் அளவும் கூடும். ஒருங்குறி முறையிலோ தமிழெழுத்துக்குத் தனி எண்களே உண்டு. எழுத்துரு மாறினாலும் எழுத்து மாறாது. 2010ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்ற பின்னர் இத்தொல்லை பெரிதும் குறைந்தது.

இனி, அப்பொறியாளரின் கோப்பை முறையாக ஆக்குவது எவ்வாறு என்று காணலாம். கோப்பைத் தொடுவதற்கு முன்னரே ஒரு வினாவை எழுப்ப வேண்டியிருந்தது: இதனைத் திறக்கப்போகும் கணினி எது? மண்டபத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு விடுத்திருந்தால் அங்குள்ளது 2003 பதிப்பு என்பது தெரிந்திருக்கும். அப்பழைய பதிப்புகளுக்குப் புதிய வடிவத்தைப் படிக்கக் கற்பிக்கும் இணக்கத் தொகுப்பு ஒன்றை மைக்ரோசாப்ட் அந்நாளில் விலையின்றி வழங்கிவந்தது. 2018இல் அது நிறுத்தப்பட்டது. அதனை முன்னதாகவே நிறுவியிருக்கலாம்; அன்றேல், கோப்பையே பழைய வடிவிற் சேமித்திருக்கலாம். பழைய வடிவிற் சேமிக்கும்போது எவையெவை மாறும் என்று முன்னறிவிக்கும் இணக்கச் சோதனையும் 2007 பதிப்பில் இருந்தது. தலைமை அலுவலகத்திற் சேர்த்த நிர்வாக வரைபடம், பழைய வடிவத்தில் திருத்த இயலாத வெறும் படமாக மாறும். அது மாறினால் என்ன? கரை உடையும் நாளில் அதனைத் தேடுவார் யார்?

அடுத்து, படங்கள். 30 ஒளிப்படங்களை மட்டும் தெரிந்தெடுத்து 150 புள்ளி அளவுக்குச் சுருக்கினால், ஒவ்வொன்றும் பெரும்பாலும் சில நூறு கிலோபைட்டில் அடங்கும். எல்லாம் சேர்ந்து பத்து மெகாபைட் அளவில் நிற்கும். 'தெரிந்தெடுத்த படங்களுக்கு மட்டும்' என்னும் சிறு கட்டத்தைக் குறித்தால் வரைபடம் தப்பிவிடும். அவ்வரைபடம் பிஎன்ஜி வடிவில் இருத்தல் நன்று. சுருக்காத வரைபடமும் ஒளிவீழ்த்தியில் முழுமையாகத் தோன்றும்போது 1,024 புள்ளிக்குள்ளேதான் நிற்க வேண்டும். ஆதலின் அதனை நான்கு பகுதியாக வெட்டி நான்கு படவில்லைகளில் வைப்பதே தக்கது. ஏழு புள்ளியில் நின்ற எழுத்து அப்பொழுது பதினான்கு புள்ளியில் நிற்கும். மெய்யின் புள்ளியும் தெரியும். அச்சிட்ட ஏ3 வரைபடத்தின் படிகள் சிலவற்றையும் அவையில் வழங்கினால், திரையையே நம்பியிருக்க வேண்டியதில்லை.

மின்னஞ்சலில் அனுப்புவோர் மற்றொரு கணக்கையும் அறிதல் வேண்டும். அஞ்சலிற் செல்லும் இணைப்பு, எழுத்துக் குறிகளாக மாற்றப்பட்டே செல்கிறது. அப்போது ஒவ்வொரு 3 பைட்டும் 4 குறியாகிறது. அளவு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. 20 மெகாபைட் கோப்பு, அஞ்சலில் ஏறும்போது ஏறத்தாழ 27 மெகாபைட் ஆகிவிடும். வரம்பு 25 என்று அறிவித்திருக்க, 20 தானே என்று அனுப்பியவர் திகைப்பது இதனாலேதான்.

இன்றைய நிலை சற்று வேறு. 2010 பதிப்பு முதல் அசையும் படங்களையும் கோப்பினுள்ளேயே பதிக்கலாம். அதனால் இன்று பெருஞ்சுமை பெரும்பாலும் அவற்றிலேதான் உள்ளது. 2013 முதல் படவில்லையின் அகலம் 13.333 அங்குலமாக விரிந்துவிட்டது. பழைய 10 அங்குலப் படவில்லைகளை இதனுள் கொணர்ந்தால், படங்கள் நீண்டோ ஓரங்களில் வெற்றிடம் விட்டோ நிற்கும். கோப்பையே அனுப்பாமல், இணையத்தில் வைத்து அதன் முகவரியை மட்டும் அனுப்புவோரும் பலர். இணைப்பு அறுந்த மண்டபத்தில் அம்முகவரியால் பயனில்லை. படிப்பதற்கும் அச்சிடுவதற்கும் மட்டுமே கோப்பு வேண்டுமெனில், 2008 முதல் ஐஎஸ்ஓ தரநிலையாக உள்ள பிடிஎஃப் வடிவில் அனுப்பலாம். பதிப்பு வேறுபாடு அதனைப் பெரும்பாலும் தாக்குவதில்லை.

அப்பொறியாளர் பின்னர்த் தம் கணினியில் ஒவ்வொரு விளக்கக்காட்சிக்கும் மூன்று கோப்புகளை வைக்கலானார் என்று கொள்ளலாம். முதலாவது, எதனையும் சுருக்காத மூலம். அது எங்கும் அனுப்பப்படுவதில்லை. இரண்டாவது, மண்டபத்துக் கணினியின் பதிப்புக்கேற்பச் சுருக்கிச் சேமித்த படி. மூன்றாவது, அச்சுக்குரிய பிடிஎஃப். கூட்டத்துக்கு முந்திய நாள் மாலையில் இரண்டாவது கோப்பைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குச் சென்று, அங்குள்ள கணினியில் அதனைத் திறந்து, வரைபடம் உள்ள படவில்லையைத் திரையில் நிறுத்துவார். பின்னர்க் கடைசி நாற்காலி வரை நடந்து சென்று, அங்கே அமர்ந்து, ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்ப்பார்.